டிரஸ்ஸரின் பின்வரிசை

ஜொகூரில் அந்நாளில் எத்தனையோ தோட்டங்கள். தோட்டத்துக்கு ஓர் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரிக்கு டாக்டர் இடத்தில் ஒரு டிரஸ்ஸர். அத்தனை பேரிலும், ஒரு செடிக்கு வெயிலை மறைக்கிறார்கள் என்பதற்காக நோயாளிகளை எழுப்பி வெளியே உட்கார வைத்தவர் எங்கள் டிரஸ்ஸர் ஒருவர்தான். இதை எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் லாயாங் லாயாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். டிரஸ்ஸருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். வெள்ளைக்காரத் துரையிலிருந்து தொழிலாளர் லயத்துக் குழந்தைகள் வரை யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியின் கிழக்கு ஜன்னலோரம் அவர் மூன்றடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்திருந்தார். உள்ளே மணல், ஏழெட்டு மீன்கள், பின்பக்கம் முழுவதும் ஒரே வகை நீர்ச்செடி. உலு திராம் பக்கம் ஓர் ஓடையில் பிடுங்கி, ஈரச் சாக்கில் சுற்றி, ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தது. வந்த வாரமே இலையெல்லாம் அழுகிக் கொட்டிவிட்டது.

"வெளிக்காத்துல வளந்த இலை தண்ணிக்குள்ள நிக்காது கிராணி. இனிமே வர்றதுதான் சரியான இலை" என்றார்.

செத்த செடிக்கு இவ்வளவு வியாக்கியானமா என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினேன். எட்டு மாதத்தில் அது தண்ணீர் மட்டம் வரை ஏறி, தொட்டியின் முதுகை மறைத்துப் பச்சையாக நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் செடிக்கு முடிவெட்டு நடக்கும். கத்திரிக்கோலைக் கொதிக்க வைப்பார். எங்கள் புண்ணுக்குக் கட்டுப்போடும்போது அதைக் கொதிக்க வைத்தாரா என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம். மேலே ஒரு சாண் கொழுந்தை வெட்டி மணலில் ஊன்றுவார். இலை உதிர்ந்த அடித்தண்டைப் பிடுங்கி எறிவார். "அதுக்கு வயசாயிடுச்சி. இனிமே ஒண்ணும் வராது" என்பார். குட்டைச் செடி முன்னால், நெட்டைச் செடி பின்னால் என்பது அவர் சட்டம். நெட்டைக்கு அவர் வைத்த பெயர் 'பின்வரிசை'.

இந்தச் சட்டம் தொட்டிக்குள் அடங்கியிருந்தால் பரவாயில்லை. துரையோடு தோட்டத்துக்காரர்கள் எல்லோரும் போட்டோ பிடித்துக்கொண்ட நாளில், ஆட்களை நிறுத்தும் பொறுப்பை யாரும் கேட்காமலே அவர் எடுத்துக்கொண்டார். ஆட்களை வேலை வாங்கும் பெரிய கங்காணி ஆறடி உயரம். தலைப்பாகை, கோட்டு, கடிகாரச் சங்கிலி சகிதம் துரைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க பின்னால போங்க" என்றார் டிரஸ்ஸர்.

"நான் யாருன்னு தெரிஞ்சிதான் பேசுறீங்களா?"

"தெரியும். உயரமானவங்க. முன்னால இருந்தா பின்னால நிக்கிறவங்களுக்கு வெளிச்சம் வராது."

அந்தப் போட்டோவில் பெரிய கங்காணியின் தலைப்பாகை மட்டும் கடைசி வரிசையில் தெரியும். அதன்பிறகு வயிற்றுப்போக்கு வந்தால்கூட அவர் அடுத்த தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத்தான் போனார்.

இவ்வளவு பைத்தியத்தையும் நாங்கள் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அவர் வருவதற்கு முன்பு எங்கள் லயத்தில் காய்ச்சல் வாராவாரம் ஆளை எடுத்துக்கொண்டிருந்தது. அவர் வந்ததும் ஒரு சட்டம் எழுதி ஒட்டினார்: தேங்கிய தண்ணீர் எங்கே கண்டாலும் கொட்ட வேண்டும், கொட்ட முடியாவிட்டால் கொசு எண்ணெய் அடிக்க வேண்டும், யாருக்கும் விலக்கு இல்லை. அவரே வீடு வீடாகப் போய்ச் சிரட்டையைக்கூடக் கவிழ்த்தார். காய்ச்சல் குறைந்தது.

ஒருநாள் என் வீட்டுக்கும் வந்தார். நான் குளிப்பதற்கு நிரப்பி வைத்திருந்த பெரிய ஜாடியை எட்டிப் பார்த்தார். பெரிய கங்காணி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அதை அப்படியே சாய்த்தார்.

"புழு நெளியுது கிராணி. எழுதப் படிக்கத் தெரிஞ்ச நீங்களே இப்படி இருந்தா எப்படி?"

கங்காணி சிரித்தார். எனக்கு மானம் போயிற்று.

மறுநாள் விடிகாலைப் பெரட்டில் ஆட்களுக்குப் பேர் கூப்பிட்டு முடித்ததும், எண்ணெய் அடிக்கிற முனியனைத் தனியாக அழைத்தேன்.

"தேங்கின தண்ணி எங்க இருந்தாலும் அடிக்கணும். யார் எடம்னு பாக்காதே."

"ஆஸ்பத்திரியிலயுமா ஐயா?"

"சட்டத்துல ஆஸ்பத்திரிக்கு விலக்குன்னு எழுதியிருக்கா?"

முனியன் வாங்கிய வேலையை ஒழுங்காகச் செய்கிறவன். டிரஸ்ஸர் லயத்தைச் சுற்றிவிட்டுத் திரும்பியபோது தொட்டித் தண்ணீரின் மேல் எண்ணெய் ஏழு நிறத்தில் மினுங்கியது. மீன்கள் மூச்சுக்கு மேலே வந்து தவித்தன. செடியின் கொழுந்தெல்லாம் எண்ணெயில் மிதந்தது.

வேடிக்கை பார்க்கப் போன நான் வாசலில் நின்றேன். முனியன் எண்ணெய் வாளியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். டிரஸ்ஸர் அவனைப் பார்த்தார்.

"நல்லா செஞ்சிருக்கே. ஒரு எடமும் விடலே. இன்னைக்கு இதை நான் தப்புன்னு சொன்னா, நாளைக்கு லயத்துல ஒருத்தனும் ஜாடியைக் கவுக்க மாட்டான்" என்றார். 

மீன்களை ஒவ்வொன்றாக எனாமல் தட்டுக்கு மாற்றினார். பிறகு தொட்டி முன்னால் உட்கார்ந்தார். கையில் கத்திரிக்கோல் இருந்தது. எதை வெட்டுவது என்று தெரியவில்லை அவருக்கு. செடியைப் பிடுங்கினால் எண்ணெய் வழியாகத்தான் வெளியே வரும். கொழுந்து போய்விட்டது. எஞ்சியது, இத்தனை நாளாக அவர் தூக்கி எறிந்துவந்த கிழட்டு அடித்தண்டு ஒன்றுதான்.

எனக்கு வெட்கமாக இருந்தது. "நான்தான் சொன்னேன் டிரஸ்ஸர்" என்றேன்.

"தெரியும். முனியனுக்கு ஆஸ்பத்திரின்னாலே பயம். சொல்லாம வரமாட்டான்." திரும்பிப் பார்க்கவில்லை. "எண்ணெய உறிஞ்சறதுக்கு ஏதாவது இருந்தா கொண்டாங்க."

ஆபீசுக்கு ஓடி, மை ஒற்றும் தாள் கட்டு முழுவதையும் எடுத்து வந்தேன். ஒவ்வொரு தாளாகத் தண்ணீர் மேல் பரப்பினேன். எண்ணெய் ஏறியதும் முனியன் வாங்கி வெளியே போட்டான். தண்ணீர் தெளிந்ததும், டிரஸ்ஸர் கையை முழங்கை வரை விட்டுக் கொழுந்துகளை அறுத்தெடுத்தார். மொட்டைத் தண்டுகள் மட்டும் நின்றன. அன்று நோயாளிகள் யாரும் மருந்து கேட்கவில்லை. அவர்களும் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பத்தாம் நாள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்.

"கிராணி, கொஞ்சம் வாங்க. அடித்தண்டுல கணுவுக்கு ரெண்டு துளிர் விட்டிருக்கு. நான் இவ்வளவு நாளா முட்டாளா இருந்திருக்கேன்."

போய்ப் பார்த்தேன். இருந்தது.

சிங்கப்பூரிலிருந்து புது ஒற்றுத்தாள் வந்து சேர ஒன்றரை மாதம் ஆயிற்று. அதுவரை பெரட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு பக்கம் எழுதி முடித்ததும் மை காய வாயால் ஊதிக்கொண்டிருந்தேன். அந்த மனிதருக்காக ஒன்றரை வருடம்கூட ஊதியிருப்பேன்.