கிறிஸ்துமஸ் லீவுக்கு ஒரு கலர் கார்டு

சூசைநாதன் ஸ்குரூ டிரைவரை வாயில் கவ்விக்கொண்டு கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் இரண்டு கைகளையும் விட்டிருந்த நேரத்தில், மனைவி உர்சுலா சோற்றுத் தட்டோடு வந்து நின்றாள். தட்டை வைக்க இடமில்லை. சாப்பாட்டு மேசை முழுக்கத் திருகாணிகளும் வயர்களும் கழற்றிப் போட்ட தகர மூடியும் பரவிக் கிடந்தன.

"இத எங்க வைக்கட்டும்? உங்க தலையிலயா?"

"ஒரு நிமிஷம் உர்சுலா. கார்டு உள்ள போக மாட்டேங்குது."

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடிக்கிட்டிருந்துச்சு?"

"நேத்து வரைக்கும் இருந்தது பச்சைக் கார்டு. படம் பச்சையா மட்டும்தான் தெரியும். இது கலர் கார்டு. வேகமும் ஜாஸ்தி."

"சோறு வெள்ளைக் கலருதான். பரவாயில்லையா?" என்று கேட்டுவிட்டுத் தட்டை அவர் மடியிலேயே வைத்துவிட்டுப் போனாள் உர்சுலா.

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் சிங்கப்பூர் புக்கிட் மேராவில் அந்த மூவறை வீட்டில் நடந்துகொண்டிருந்த அத்தனை கூத்தும் அவளுக்காகத்தான் என்பதை அவளுக்கு எப்படிப் புரியவைப்பது என்றுதான் சூசைநாதனுக்குத் தெரியவில்லை.

விஷயம் இதுதான். சூசைநாதன் வேலை பார்த்த கப்பல் ஏஜென்சிக்குக் கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி பார்த்து ஒரு கப்பல் வருகிறது. ஆபீசில் யாராவது ஒருவர் டெலிபோன் பக்கத்தில் விடிய விடிய உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தப் பிரிவில் இருந்ததே இரண்டு பேர்தான். ஒருவர் சூசைநாதன், இன்னொருவன் ஹனீபா. அதே நாள் ஜொகூரில் ஹனீபாவின் மச்சினிக்குக் கல்யாணம். அதே ராத்திரி கோயிலில் நள்ளிரவுப் பூசை. பூசையில் உர்சுலா முதன்முறையாகத் தனியாக ஒரு பாட்டுப் பாடுகிறாள். பத்து வருஷமாகக் கோரஸில் பின்வரிசையில் நின்றவளுக்கு இப்போதுதான் மைக்குக்கு முன்னால் இடம் கிடைத்திருந்தது.

"நீங்க முன்னாடி பெஞ்சுல உட்காரணும். உங்க முகத்தப் பாத்தாத்தான் எனக்குக் குரல் வரும்" என்று அவள் சொல்லியிருந்தாள்.

"ரெண்டு பேருல யாருன்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க. சனிக்கிழமை எனக்குப் பேரு வேணும்" என்று தலைமைக் கிளார்க் கைகழுவிவிட்டார்.

காசு சுண்டிப் போட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது சூசைநாதன்தான். இரண்டு பேர் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் ஒரே கார் விளையாட்டு இருந்தது. ஒரே டிஸ்கிலிருந்து இரண்டு பேரும் காப்பி பண்ணிக்கொண்டது. ரோட்டில் நம் கார் போகும். எதிரே வேறு கார்கள் வரும். மூன்று தடவை முட்டினால் ஆட்டம் முடிந்தது. அதற்குள் எத்தனை மைல் போகிறோமோ அத்தனை பாயின்ட். அப்போது சூசைநாதன் கையில் நாற்பதாயிரம் பாயின்ட் இருந்தது. ஆபீசிலேயே அதுதான் பெரிசு என்று ஒரு நினைப்பு.

"வெள்ளிக்கிழமைக்குள்ள யாரு பாயின்ட் அதிகமோ அவருக்கு லீவு. என்ன சொல்றே?" என்று மார்தட்டினார்.

ஹனீபா கொஞ்ச நேரம் யோசித்தான். "சரி அண்ணே" என்றான்.

மறுநாள் தேநீர் இடைவேளையில் ஹனீபா தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே, ஏதோ மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற தோரணையில், "நாப்பத்திரண்டாயிரம் அண்ணே" என்றான்.

சூசைநாதனால் நம்ப முடியவில்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் புளுகு என்று ஒதுக்கிவிடலாம். ஹனீபா ஐந்து வேளை தொழுகையை விடாதவன். பொய் சொல்லத் தெரியாதவன். அந்த நல்ல குணம் அவனிடம் இருந்துதொலைத்ததே என்று முதன்முறையாக வருத்தப்பட்டார்.

"உன் மெஷினுக்குள்ள என்ன போட்டு வச்சிருக்கே?"

"எனக்கு உள்ள என்ன இருக்குன்னே தெரியாது அண்ணே. எல்லாம் எங்க மாமா போட்டுக் குடுத்தது. நீங்க வேணும்னா கலர் கார்டு ஒண்ணு போட்டுப் பாருங்களேன். வேகமா ஓடுமாம்."

வேகம். சூசைநாதன் மூளைக்குள் பளிச்சென்று ஒரு விளக்கு எரிந்தது. வேகமாக ஓடினால் அதிக மைல். அதிக மைல் என்றால் அதிக பாயின்ட். இதற்குக் கணக்கு வாத்தியார் வேறு வேண்டுமா? அன்று மாலையே ரோச்சோர் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போய்விட்டார்.

"அங்கிள், திஸ் ஒன் வெரி பாஸ்ட்" என்றார் கடைக்காரர். "யூ ப்ளே கேம், கன்பர்ம் ஷியோக் லா. சூப்பர்!"

அந்தக் கார்டுதான் இப்போது உள்ளே போக மறுத்தது. மடியில் இருந்த சோற்றைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, எழுந்து நின்று, மாதாவை வேண்டிக்கொண்டு ஓர் அமுக்கு அமுக்கினார். போய் உட்கார்ந்தது. ஆனால் கலர் தெரிய வேண்டுமானால் கலர் திரை வேண்டுமே? வீட்டில் இருந்த ஒரே கலர் திரை டிவி. கூடத்தில் இருந்த டிவி சாப்பாட்டு மேசைக்கு வந்தது.

"எட்டு மணிக்கு நாடகம் இருக்கு" என்றாள் உர்சுலா.

"ஒரே ஒரு ஆட்டம்."

ரோடு சாம்பல் நிறத்திலும் புல் ஊதா நிறத்திலும் தெரிந்தன. கார்கள் விர்ரென்று வந்தன. சூசைநாதன் ஒன்றை ஒதுக்குவதற்குள் அடுத்தது மூக்கில் வந்து மோதியது. முப்பதாயிரத்தைத் தாண்டவில்லை.

"புதுக் கார்டு இல்லையா, கை பழகணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இன்னொரு ஆட்டம் ஆடினார். அது இருபத்தெட்டு. நாடகம் முடிந்துவிட்டிருந்தது. உர்சுலா ஒன்றும் பேசாமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் பேசாமல் இருந்தால் நல்லதில்லை.

"நாப்பத்தஞ்சாயிரம் அண்ணே" என்றான் ஹனீபா அடுத்த நாள். "கலர் எப்படி?"

"கலர் பிரமாதம். ஆனா இன்னும் வேகம் பத்தல போல இருக்குடா."

"அப்படியா?" ஹனீபா அக்கறையோடு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். "கிரிஸ்டல்னு ஒண்ணு இருக்காமே. அத மாத்திட்டா மெஷின் பறக்குமாம். எங்க மாமா சொன்னார்."

கடைக்காரர் பட்டாணி அளவு வெள்ளித் துண்டு ஒன்றைப் பிடுங்கிவிட்டு வேறொன்றைச் செருகினார். "திஸ் ஒன் லைக் ஹார்ட் பீட், அங்கிள். நவ் ஹார்ட் ரன்னிங். பட் வெரி ஹாட் ஆ. யூ ஓப்பன் கவர், புட் பேன்."

இதயம் ஓடத்தான் செய்தது. சூசைநாதனின் இதயமும் கூடவே ஓடியது. எதிரே கார் வருகிறது என்று கண் சொல்லி முடிப்பதற்குள் முட்டி முடிந்துவிட்டது. பதினெட்டாயிரம். அதோடு புதுக் கார்டிலிருந்து இஸ்திரிப் பெட்டி வாசனை வேறு வந்தது. ஓடிப்போய், பாட்டுப் பயிற்சி செய்துகொண்டிருந்த உர்சுலாவின் முன்னாலிருந்த மேசை விசிறியைத் தூக்கிக்கொண்டு வந்து, திறந்து கிடந்த கம்ப்யூட்டருக்கு நேரே வைத்தார். அடுத்த நொடி அவளுடைய பாட்டுத் தாள்கள் கூடம் முழுக்கப் பறந்தன.

"இது என்ன வீடா, பைத்தியக்கார ஆஸ்பத்திரியா?" என்றாள் உர்சுலா, நாற்காலிக்கு அடியில் தவழ்ந்துகொண்டே.

கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு மங்களம்.

"உர்சுலா, உங்க வீட்டுல என்ன நடக்குது? தமிழ்ச் செய்தி போட்டா வாசிக்கிற பொண்ணு முகம் கோடு கோடா ஆடுது. உங்க வீட்டுப் பக்கத்துலேருந்து கொர்ருன்னு ஒரு சத்தம். என் மாமியார் டிவிக்குப் பேய் பிடிச்சிருச்சுன்னு திருநீறு பூசிக்கிட்டிருக்காங்க."

தகர மூடி இருந்த வரைக்கும் அடங்கிக் கிடந்த ஏதோ ஒன்று இப்போது சுவர் தாண்டிப் போகிறது என்று சூசைநாதனுக்குப் புரிந்தது. மூடியைப் போட்டால் சூடு. போடாவிட்டால் மங்களம். வெகுநேரம் யோசித்து, உர்சுலா கிறிஸ்துமஸ் கேக்குக்காக வாங்கி வைத்திருந்த அலுமினியத் தாளை எடுத்துக் கம்ப்யூட்டரைச் சுற்றிலும் போர்த்தினார். செய்தி வாசிக்கும் பெண்ணின் முகம் நேரானது. ஆனால் தாளுக்குள் காற்றுப் போக வழியில்லாமல் கார்டு கொதித்தது. ஒன்பதாயிரம்.

மறுநாள் ஆபீசில் சூசைநாதன் தன் பாயின்ட்டைச் சொல்லவில்லை. ஹனீபாவும் கேட்கவில்லை.

"நாப்பத்தெட்டாயிரம் அண்ணே."

"உன் மெஷின் சூடாகாதாடா?"

"நம்ம மெஷின் சூடே ஆகாது அண்ணே. தொட்டா ஜில்லுன்னு இருக்கும்."

சூசைநாதனுக்குப் பெருமூச்சு வந்தது. அது என்ன மெஷினோ, அந்த மாமா எந்த நாட்டிலிருந்து வரவழைத்தாரோ. அவ்வளவு வேகம் ஓடியும் ஜில்லென்று இருக்கிறதாம். பெடோக்கில் ஹனீபா வீட்டில் விமானத்துக்குள் இருப்பதுபோல ஒரு இயந்திரம் மினுமினுத்துக்கொண்டிருப்பதாக அவர் மனக்கண்ணில் தெரிந்தது.

ஜில். அந்தச் சொல் மண்டையில் ஒட்டிக்கொண்டது. வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கு ஏறுவதற்கு முன்னால் கீழே காப்பிக் கடையில் நின்றார்.

"ஐஸ் மட்டும். பங்குஸ். பையில கட்டிக் குடுங்க."

"தே இல்ல? கோப்பி இல்ல?"

"ஐஸ் மட்டும்பா."

பிளாஸ்டிக் பை நிறைய ஐஸைப் போட்டு, வாயைச் சிவப்புக் கயிற்றால் இழுத்துக் கட்டிக் கொடுத்தார்கள். தினமும் ஆயிரம் பேர் தேநீரை அப்படித்தான் விரலில் தொங்கவிட்டுக்கொண்டு போகிறார்கள். ஒரு சொட்டுச் சிந்துவதில்லை. சூசைநாதன் அலுமினியத் தாளில் ஒரு ஜன்னல் வெட்டி, மேசைக்கு மேலிருந்த திரைச்சீலைக் கம்பியில் கயிற்றை மாட்டி, பை கார்டுக்கு நேர் மேலே தொங்கும்படி செய்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

உர்சுலா அடுப்படியில் இருந்தாள். கேக் ஓவனில் வெந்துகொண்டிருந்தது. வீடெல்லாம் முந்திரி, கிராம்பு வாசனை.

கடைசி ஆட்டம். முதல் காரை ஒதுக்கினார். இரண்டாவதையும் ஒதுக்கினார். மூன்றாவதை ஒதுக்குகிற வேகத்தில் சூசைநாதனின் உடம்பே நாற்காலியோடு சாய்ந்து, தோள் திரைச்சீலையை இழுத்தது. பை நழுவி நேரே கார்டின் மேல் விழுந்து வெடித்தது.

படார் என்று ஒரு சத்தம். ஒரு புகை. பிறகு வீடே இருட்டு.

அடுப்படியிலிருந்து உர்சுலாவின் குரல் மட்டும் வந்தது. "கேக்கு."

சுவிட்சுப் பெட்டியைச் சரிசெய்து விளக்கு வருவதற்குள், பொங்கி வந்திருந்த கேக் நடுவில் பள்ளமாக அமுங்கிவிட்டது. கம்ப்யூட்டரோ திரும்ப எழுந்திருக்கவேயில்லை. உர்சுலா கேக்கையும் பார்த்தாள், புருஷனையும் பார்த்தாள். கத்தவில்லை.

"ஹனீபாகிட்ட வாயத் தொறந்து கேட்டிருக்கலாம்ல?"

"போன வருஷமும் எனக்காக அவன்தான் உட்கார்ந்தான். இந்த வருஷம் அவன் வீட்டுக் கல்யாணம். எந்த முகத்த வச்சுக்கிட்டுக் கேப்பேன்?"

"அப்ப நீங்கதான் உட்காரணும். அதுதான் நியாயம். போய்ச் சொல்லிட்டு வாங்க. நான் யாரு முகத்தையாவது பாத்துப் பாடிக்கிறேன்" என்றாள். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக் கேக்கைக் கத்தியால் கிளற ஆரம்பித்தாள். முன்பெஞ்சில் தன் இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்து அவள் பாட்டைக் கேட்கப்போவதைச் சூசைநாதனுக்கு நினைக்கவே பொறுக்கவில்லை. அவள் இப்படிச் சொன்னதற்குப் பதிலாக நாலு திட்டுத் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

தோல்வியை டெலிபோனில் சொல்வது மரியாதை இல்லை. பஸ் பிடித்துப் பெடோக்குக்குப் போனார். ஹனீபா பள்ளிவாசலுக்குப் போயிருந்தான். அவன் மனைவி பரீதா கதவைத் திறந்து உட்காரச் சொல்லி, தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

"ஹனீபா வந்தா சொல்லும்மா. கப்பலுக்கு நான் உட்கார்றேன். அவன் ஜெயிச்சுட்டான். குடும்பத்தோட சந்தோஷமாப் போயிட்டு வாங்க."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் பரீதா. "ரொம்ப நன்றி அண்ணே."

கூடத்து மூலையில் பூப்போட்ட துணி போர்த்திய ஒரு பெட்டி இருந்தது. சூசைநாதனால் அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. தோற்றாலும் எதனிடம் தோற்றோம் என்றாவது தெரிய வேண்டாமா?

"அந்த மெஷின ஒரு தடவை பாக்கலாமா?"

"இதுல பாக்க என்ன அண்ணே இருக்கு?" பரீதா சிரித்துக்கொண்டே துணியை விலக்கினாள். "மாமா கடையில வேணாம்னு மூலையில போட்டு வச்சிருந்தது. எதிர்ல ஒரு கார் வருதுன்னா, அது கிட்ட வந்து சேர்றதுக்குள்ள நான் சோறு வடிச்சு இறக்கிட்டு வந்துடுவேன். அப்புறம் எப்படி முட்டும்? மாமா பாஸ்ட் ஆக்கித் தர்றேன்னுகூடச் சொன்னார். எங்க வீட்டுக்காரருதான் தொடவே விடல."

சூசைநாதன் தேநீர்க் குவளையை மெல்லக் கீழே வைத்தார்.

"நீங்க கலர் கார்டு வாங்கப் போயிருக்கீங்கன்னு தெரிஞ்ச அன்னிக்கே அண்ணே, கல்யாணத்துக்குச் சட்டை தைக்கக் குடுத்துட்டு வந்துட்டாங்க."