மெழுகில்லாப் பீடம்

மிளகையும் சுக்கையும் கப்பலேற்றி உலகத்தின் நாக்கைத் திருத்திய பெருமை மட்டாஞ்சேரிக்கு ஏற்கெனவே உண்டு. அதற்கு அடுத்தபடியாக இந்த ஊர் மனித குலத்துக்குச் செய்த சேவை எது என்று கேட்டால், தமிழ் ஐக்கிய சபையின் மண்டபத்தில் ஒரு யூரோப்பியன் க்ளோசெட்டை மெழுகின் உதவியே இல்லாமல் தரையோடு பொருத்தி, ஒரு சொட்டும் ஒழுகாமல் நிறுத்திக் காட்டியதைத்தான் சொல்ல வேண்டும். இந்தச் சாதனைக்குப் பின்னால் நின்றவர் சபையின் செயலாளர், ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி கல்யாணராமன். பின்னால்தான் நின்றார். முன்னால் எப்போதும் தலைவர் லக்ஷ்மிநாராயணன் நிற்பார். அது சபையின் மரபு.

விஷயம் தொடங்கியது கல்யாணராமனின் மனைவி விசாலாக்ஷியின் முழங்கால்களில். இரண்டிலும் ஆபரேஷன் ஆகியிருந்தது. நடக்கலாம், மெல்லப் படியேறலாம், ஆனால் இனி ஜன்மத்துக்கும் குந்தி உட்காரக் கூடாது என்று எர்ணாகுளத்து டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மண்டபத்தின் பின்பக்கம் இருந்த இரண்டு கக்கூஸ்களும் குந்தத் தெரிந்தவர்களுக்கென்றே கட்டப்பட்டவை. வீட்டில் நாற்காலிபோல உட்காரும் யூரோப்பியன் க்ளோசெட் ஒன்று வைத்தாகிவிட்டது, சபையில் வைக்கவில்லை. ஆகவே சபையில் விசேஷம் என்றால் விசாலாக்ஷி விடிந்ததிலிருந்து வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடமாட்டாள். காப்பியை நீட்டினால் கை கூப்புவாள். மோரை நீட்டினால் சிரித்துக்கொண்டே தலையாட்டுவாள்.

இதைத் தலைவர் கவனித்திருந்தார். சென்ற நவராத்திரியில் மைக்கைப் பிடித்து அறிவித்தார்: “நம்ம விசாலாக்ஷி மாமி ஜலபானம் கூடப் பண்ணாமல் விரதம் இருந்தாக்கும் பாடறா. இந்தக் காலத்துல யாரு இருப்பா இப்படி?”

கைதட்டல் எழுந்தது. விசாலாக்ஷி வறண்ட தொண்டையோடு அடுத்த பாட்டை எடுத்தாள். கல்யாணராமனும் கைதட்டினார். அது விரதம் அல்ல என்று அவருக்குத் தெரியும். ஆனால் தலைவர் மைக்கில் சொன்னதைத் திருத்துவதற்குச் சபையின் விதிகளில் இடமில்லை.

இந்த நிலையில்தான் மகள் ஸ்நேஹா தலைச்சன் பிரசவத்துக்கு பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்தாள். ஆவணியில் வளைகாப்பு என்று நாள் பார்த்தார்கள். செயலாளர் வீட்டு விசேஷம் சபை மண்டபத்தில் நடக்காமல் வேறெங்கே நடக்கும்?

“சபையில வச்சுக்கோங்கோ அப்பா,” என்றாள் ஸ்நேஹா. “ஆனா ஒண்ணு. முதல் வளையல் அம்மா கையாலதான் போட்டுப்பேன். அன்னிக்கு அம்மா நன்னா காப்பி குடிச்சு, நாள் முழுக்க என் பக்கத்துல இருக்கணும். அம்மாவைப் பட்டினி போட்டு எனக்கு ஒரு வளைகாப்பு வேண்டாம்.”

“அதுக்குள்ளே மண்டபத்துல யூரோப்பியன் க்ளோசெட் வந்திருக்கும்,” என்றார் கல்யாணராமன். “செக்ரட்டரி வாக்காக்கும் இது.”

விசாலாக்ஷி அடுக்களைக்குப் போனாள். அன்று இரவு ரசத்தில் உப்பு சரியாக இருந்தது. அவள் சந்தோஷமாக இருந்தாள் என்பதற்கு அந்த வீட்டில் அதுதான் அடையாளம்.

செயற்குழு கூடியது. கல்யாணராமன் தயாராகப் போயிருந்தார். அமெரிக்காவில் இருக்கும் மகன் சந்தீப்பிடம் வீடியோவில் கலந்தாலோசித்திருந்தார். “அங்கெல்லாம் க்ளோசெட்டுக்கு அடியில மெழுகு வளையம் வச்சு அமுக்கறாளாம். நாத்தமும் வராது, ஜலமும் கசியாது,” என்று உலக நடப்பை விளக்கினார்.

“மெழுகா?” தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எந்த மெழுகு ஓய்? தேன்மெழுகா, இல்லே கொழுப்பிலேருந்து எடுக்கறதா?”

“அது சந்தீப் சொல்லலை.”

“சொல்லமாட்டான். நம்ம மடைப்பள்ளியில இன்னிக்கு வரைக்கும் ஒரு வெங்காயம் கேறினதில்லை. அதுக்குப் பக்கத்துச் சுவர்ல கொழுப்பு வச்சு ஒட்டின சாதனமா? நாளைக்கு யாராவது சோதிச்சா நாம என்ன பதில் பறையறது?”

குழு அதிர்ந்தது. மூன்று கூட்டங்கள் மெழுகைப் பற்றியே நடந்தன. தேனீக்களின் உழைப்பை அபகரிக்கலாமா என்று ஒருவர் கேட்டார். அவர் மகள் புதிதாக, பாலும் தேனும்கூடத் தொடாத ‘வீகன்’ ஆகியிருந்தாள். கடைசியில், “சபை வளாகத்தில் நிறுவப்படும் எந்தப் பீடமும் மெழுகின்றியே நிறுவப்பட வேண்டும்” என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

மறுநாள் காலை கல்யாணராமன் பஜார் ரோட்டில் மொய்துவின் சானிட்டரி கடைக்குப் போனார். மெழுகு சேராத க்ளோசெட் கிடைக்குமா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

மொய்து சாயா கிளாஸைக் கீழே வைத்தார். “சாமி, என் வாப்பா காலத்துக் கடை இது. மெழுகு வச்சு கக்கூஸ் ஒட்டி நான் பார்த்ததே இல்லை. இங்க வெள்ளை சிமென்ட்டு, இல்லேன்னா ரப்பரும் சிலிக்கனும். மெழுகுதிரி வேணும்னா சர்ச் பக்கத்துக் கடையில கிட்டும்.”

“கொச்சியில எங்கேயுமே இல்லையா?”

“எங்கயும் இல்லை.”

கல்யாணராமனுக்கு மெய் சிலிர்த்தது. நேற்று மாலை சபை தீர்மானம் போட்டது. இன்று காலை கொச்சி முழுவதும் மெழுகு ஒழிந்திருந்தது. ஒரு தீர்மானம் இத்தனை வேகமாக அமலுக்கு வந்ததைத் தம் உத்தியோக காலத்தில் அவர் கண்டதே இல்லை.

அடுத்து வெள்ளை சிமென்ட்டா, ரப்பரா என்ற கேள்வி. அப்போது கர்க்கடகம், அதாவது மலையாள ஆடி மாதம், நடந்துகொண்டிருந்தது. கர்க்கடகத்தில் கட்டட வேலை தொடங்கலாகாது. தலைவர் கண்ணை மூடி யோசித்துத் தீர்ப்பளித்தார்: “சிமென்ட் போட்டா அது ‘கட்டுமானம்’. ரப்பர் வச்சா வெறும் ‘பொருத்தல்’. பொருத்தலுக்கு தோஷம் இல்லை.” ரப்பர் சைவமா என்று ‘வீகன்’ மகளின் தகப்பனார் எழுந்தார். கோட்டயத்து மரத்தில் வடிகிற பால்தான் ரப்பர் என்று விளக்கியதும் திருப்தியோடு உட்கார்ந்தார்.

மொய்து கடையிலிருந்து ஆஷிக் என்ற ஃபிட்டர் வந்தான். தரைக் குழாயின் வாயில் ரப்பர் வளையத்தைச் செருகி, அதன்மேல் க்ளோசெட்டை இறக்கி, நட்டுகளை முறுக்கினான். அடியைச் சுற்றி சிலிக்கன் பிதுக்கி, சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் ஒரே இழுப்பில் வழித்துவிட்டான். குழுவினர் ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்து, “நன்னாயிருக்கு” என்றார்கள்.

“ஒரு திவசம் வெள்ளம் படாம காயட்டும் சாமி,” என்றான் ஆஷிக். “அப்பறம் ரெண்டு பக்கெட் ஊத்திப் பார்க்கணும்.”

“ஊத்தப்படாது,” என்றார் தலைவர். “திறப்பு விழாவுக்கு முன்னாடி ஊத்தினா அது திறந்ததா ஆயிடும்.”

ஆஷிக் தலைவரைப் பார்த்தான், க்ளோசெட்டைப் பார்த்தான், சாமான்களை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். ஒரு நாள் காய்ந்தால் போதும் என்ற சிலிக்கனை சபை ஆவணி பிறக்கும்வரை காய வைத்தது. கதவில் பூட்டு தொங்கியது. சாவி செயலாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. திருப்பூணித்துறையிலிருந்து ஒரு சகோதர சபை, மெழுகின்றிப் பொருத்தும் முறையைப் பயில ஒரு தூதுக்குழுவை அனுப்பியது. அவர்களுக்கு வடையும் காப்பியும் கொடுத்து, கதவைக் காட்டி அனுப்பினார்கள்.

திறப்பு விழாவை வளைகாப்பு நாளிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று கல்யாணராமன் யோசனை சொன்னார். கூட்டமும் வரும், சமையலும் ஒன்றாக முடியும். குழு மகிழ்ந்தது. ஆனால் தலைவர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். வெள்ளிக்கிழமை, பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகுகாலம். அதற்கு முன் இருக்கும் நல்ல நேரம் வளையலுக்குக் கொடுத்தாகிவிட்டது.

“ஒரே முகூர்த்தத்துல வளையலும் கக்கூஸுமா? சாஸ்திரம் சம்மதிக்காது ஓய். பன்னெண்டு மணிக்கு மேல திறப்போம்.”

கல்யாணராமனுக்கு ஒரு கணம் மனைவியின் முகம் நினைவுக்கு வந்தது. வாயைத் திறந்தார். பிறகு, குழுவின் முடிவுக்குச் செயலாளரே மாறுபட்ட கருத்து சொன்னால் ஒழுங்கு என்னாவது என்று வாயை மூடிக்கொண்டார். வீட்டுக்கு வந்து, “வளைகாப்பு அன்னிக்கே திறப்பு” என்று மட்டும் சொன்னார். அதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தது. விசாலாக்ஷி புதுப் பட்டுப்புடவை கட்டி, அடுக்களையில் நின்றபடியே ஒரு முழு டம்ளர் காப்பி குடித்தாள். மண்டபத்துக்கு வந்து இன்னொரு காப்பி. யாரோ ஜீரக வெள்ளம் நீட்டியபோது அதையும் வாங்கிக் குடித்தாள். “மாமிக்கு இன்னிக்கு விரதம் இல்லையோ?” என்று கேட்டார்கள். “இல்லை,” என்று அவள் சிரித்தது மண்டபத்தின் மறுகோடிக்குக் கேட்டது. கல்யாணராமனுக்கும் கேட்டது. அவள் இப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டார்.

ஸ்நேஹாவை மனையில் உட்கார வைக்கும் நேரம். விசாலாக்ஷி கணவரிடம் வந்தாள்.

“ஏன்னா, அந்தச் சாவியைத் தாங்கோ.”

“எந்தச் சாவி?”

“பின்பக்கத்துச் சாவி. ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன்.”

கல்யாணராமனின் கை சட்டைப் பைக்குப் போனது. சாவி அங்கேதான் இருந்தது, சிவப்பு ரிப்பன் கட்டி. கை அதைத் தொட்டுவிட்டு வெறுமனே திரும்பி வந்தது.

“செத்த பொறுத்துக்கோ விசாலம். பன்னெண்டு மணிக்கு மேல திறப்பு.”

“திறப்பு எனக்கெதுக்கு? எனக்குக் கதவு திறந்தா மதி, அது போறும்.”

அவர் தலைவரிடம் ஓடினார். காதோடு காதாக நிலைமையை எடுத்துரைத்தார். தலைவர் அனுதாபத்தோடு கேட்டுக்கொண்டார்.

“செக்ரட்டரி ஆத்துலேயே விதியை மீறினா மத்தவாளை நாம எப்படிக் கேக்கறது? ராகுகாலம் கழியட்டும். அதுக்கென்ன, மாமிக்கு விரதம் பழக்கந்தானே.”

இங்கேதான் கல்யாணராமனின் நேர்மை பிரகாசித்தது. சாவி அவருடைய பையில். தலைவர் மறுபடி மைக்குக்குப் போய்விட்டார். பின்பக்கம் ஒரு ஈ காக்கை இல்லை. வேறொருவராக இருந்தால் சலுகை காட்டியிருப்பார். அவரோ, கட்டின மனைவி என்றும் பாராமல், “இல்லை விசாலம்” என்றார்.

விசாலாக்ஷி அவரை ஒரு தரம் பார்த்தாள். பிறகு முழங்கால்களை மெல்ல மடக்கி, ஒவ்வொரு படியாக இறங்கி, ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது பஜார் ரோட்டில் ஒரு லாரி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தது. அங்கே லாரி மூட்டை இறக்கினால் முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது.

மனையில் ஸ்நேஹா கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். “அம்மா எங்கே?” என்றாள். “வந்துடுவா,” என்றார் கல்யாணராமன். சாஸ்திரிகள் கடிகாரத்தைப் பார்த்தார். “ராகுகாலம் வரப்போறது, இனி தாங்காது,” என்றார். தலைவரின் மனைவி முன்வந்து முதல் வளையலைப் போட்டாள். நல்ல பெண்மணி, நன்றாகவே போட்டாள். ஸ்நேஹா வளையலைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தாள். கல்யாணராமனுக்கு அவமானமாக இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழலாம் போல இருந்தது. ஆனால் செயலாளர் அழுவதற்கு நிகழ்ச்சி நிரலில் நேரம் ஒதுக்கியிருக்கவில்லை.

விசாலாக்ஷி வந்து சேர்ந்தபோது மகளின் இரண்டு கைகளும் நிறைந்திருந்தன. எஞ்சியிருந்த ஒரு பச்சை வளையலை எடுத்து, முழங்கைப் பக்கமாக இருந்த இடத்தில் போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பன்னிரண்டு அடித்ததும் எல்லோரும் பின்பக்கம் நகர்ந்தார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள். தலைவர் ரிப்பனை வெட்டி, உள்ளே போய், ஃப்ளஷ்ஷை அமுக்கினார். தண்ணீர் கம்பீரமாக இறங்கியது. குழுவினர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தரையில் மண்டியிட்டு, பீடத்தைச் சுற்றி டிஷ்யூ காகிதத்தால் ஒற்றிப் பார்த்தார்கள். காகிதம் உலர்ந்தே வந்தது. வெளியே கைதட்டல் அதிர்ந்தது. கல்யாணராமனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இத்தனை அருமையான ஒட்டு கெட்டுவிடக் கூடாது என்பதற்காகக் கதவை மறுபடியும் பூட்டி, இனி சாவி தலைவரிடமே இருக்கும் என்றும், தேவைப்படுவோர் ஒரு வாரம் முன்னதாகத் தெரிவிக்கலாம் என்றும் அறிவித்தார்கள்.

பந்தி தொடங்கியது. கல்யாணராமன் பொன்னாடையோடு தாமே தண்ணீர் ஜக்கை எடுத்துக்கொண்டு மனைவியின் இலைக்கு முன்னால் வந்தார். மன்னிப்புக் கேட்பதற்கு அவருக்குத் தெரிந்த வழி அதுதான். மைக்கில் தலைவரின் குரல் முழங்கிக்கொண்டிருந்தது: “மெழுகு இல்லாமல் ஒட்டியிருக்கோம், கேட்டேளா? ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு கீழே வரலை!”

கல்யாணராமன் ஜக்கைச் சாய்க்கப் போனார். விசாலாக்ஷி டம்ளரை எடுத்து இலையோரத்தில் கவிழ்த்து வைத்தாள்.

“குடிக்கலையா விசாலம்?”

“எனக்கு விரதமாக்கும்,” என்றாள் அவள். “கைதட்டுங்கோ.”