சார்ட்டு மதினியும் விரதம் இருந்த கூரையும்

எமன் பாசக்கயிற்றோடு வந்து வாசலில் நின்றால்கூட, "இன்னைக்குத் தேதியில ஒங்க வேலை சார்ட்டுல இல்லியே, போயிட்டு அடுத்த மாசம் வாங்க" என்று திருப்பி அனுப்பக்கூடிய ஒரே மனுஷி எங்கள் சார்ட்டு மதினிதான். எமனும் போய்விடுவார். அடுத்த மாதம் கொஞ்சம் பிந்தி வந்தால், தாமதத்துக்குக் காரணம் கேட்டு அவரை இன்னொரு நடை அலையவும் விடுவார் மதினி.

அருப்புக்கோட்டையில் ஒரு மாடிப் பயிற்சி மையத்தில் நான் கட்டுமானத் திட்ட மேலாண்மை படித்தபோது என் பக்கத்து இருக்கை அவருடையது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். பன்னிரண்டாம் வகுப்பு, டிப்ளமோ சிவில், அதற்கு மேல் இந்தப் படிப்பு என்று நான் ஏறிய ஒவ்வொரு படியையும் அப்பா தான் நெய்யும் தறிக்கூடத்தில் அறிவித்துவிடுவார். ஆகவே கொஞ்சம் மிதப்போடுதான் வகுப்புக்குள் நுழைந்தேன். முதல் பெஞ்சில், மூன்றாம் வகுப்புப் பையனுக்குத் தாயான ஒருவர் ஆறு வண்ண ஸ்கெட்ச் பேனாவை வரிசையாக அடுக்கிவைத்துக்கொண்டு, "ஏ புள்ள, ரெண்டு நிமிசம் லேட்டு" என்றார்.

கல்யாணத்துக்கு முன் வாங்கிய டிப்ளமோவைப் பீரோவிலிருந்து எடுத்துத் தூசி தட்டிக்கொண்டு வந்தவர் அவர். கணவர் கொத்தனார். பயிற்சி மையத்துக்கு மாடி கட்டிக்கொடுத்ததே அவர்தான் என்பதால் எல்லோருக்கும் அவர் அண்ணன். அந்த வகையில் இவர் மதினி. 'சார்ட்டு' என்ற பட்டம் வகுப்பு தொடங்கிய முதல் வாரமே ஒட்டிக்கொண்டது.

முதல் பாடம் பார் சார்ட். எந்த வேலை எப்போது தொடங்கி எப்போது முடியும் என்று பட்டை பட்டையாக வரைந்து காட்டுவது. நாங்கள் அதைத் தேர்வுக்காகப் படித்தோம். மதினி அதை வீட்டுக்கு எடுத்துப்போனார். மறுநாள் காலையே அவர் வீட்டு அடுப்படிச் சுவரில் இட்லி வேகும் பட்டை பச்சையிலும், பையன் குளிக்கும் பட்டை நீலத்திலும், அண்ணன் சவரம் செய்யும் பட்டை சிவப்பிலும் ஏறிவிட்டன.

இரண்டாம் பாடத்தில் ஃப்ளோட் வந்தது. மற்ற வேலைகளைக் கெடுக்காமல் ஒரு வேலை எவ்வளவு தாமதிக்கலாம் என்கிற சலுகை நேரம் அது. அன்று மாலை அண்ணன் சாவகாசமாக டீ குடித்துக்கொண்டிருந்தபோது மதினி அறிவித்தார்: "இந்த வீட்டுல ஆட்டுக்கு ஃப்ளோட் இருக்கு, கோழிக்கு ஃப்ளோட் இருக்கு. ஒங்களுக்குத்தான் கெடையாது. எந்திரிங்க."

அடுத்த வாரம் அண்ணன் வேலைக்குப் போகிற வழியில் கரண்டியும் மட்டப்பலகையுமாக வகுப்பு வாசலுக்கே வந்துவிட்டார். ஆசிரியரிடம் பணிவாகக் கேட்டார்.

"சார், இன்னைக்கு என்ன பாடம் நடத்தப் போறீகன்னு முந்தியே சொல்லிருங்க சார். சாயங்காலம் வீட்டுல எனக்கு என்ன நடக்கும்னு தெரிஞ்சுக்கிடணும்ல."

வகுப்பே சிரித்தது. மதினி மட்டும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "பந்தல்குடிக்குப் போக வேண்டிய ஆளு இங்க என்ன செய்றீக?" என்றார். அண்ணன் படியில் இறங்கிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே!

டவுன் பஸ்ஸும் தப்பவில்லை. ஒருநாள் பஸ் பிந்தி வந்தது. ஏறியதும் கண்டக்டரைப் பிடித்தார் மதினி. "எதுக்குத் தாமதம்?"

"ரோட்டுல லாரி குறுக்க நின்னுருச்சும்மா."

"காரணம் யாரும் சொல்லலாம். விட்ட நேரத்த எப்படிப் பிடிக்கப் போறீக? அதச் சொல்லுங்க."

"நீங்க படியில நின்னு பேசாம உள்ள போனீகன்னா பாதி நேரத்தப் பிடிச்சிருவேன்."

வீட்டில் மதினியின் பாராட்டைப் பெற்ற ஒரே ஜீவன் வெள்ளாடு. அவர் குறித்திருந்த நாளைக்கு முன்பே அது குட்டி போட்டுவிட்டது. அண்ணனை நிற்கவைத்து அந்த ஆட்டைக் காட்டி, "பாருங்க, ஷெட்யூலுக்கு முன்னாடி முடிச்சிருக்கா" என்று சொல்லி, அதற்கு ஒரு கை சோளம் கூடுதலாக வைத்தார். அண்ணன் என்னிடம், "தங்கச்சி, ஆட்டோட போட்டி போட விட்டுட்டாளே" என்று புலம்பினார்.

இப்படிப்பட்டவரோடு சேர்ந்து நான் ஒரு உண்மையான கட்டிடத்தைக் கட்டி முடிக்க வேண்டி வந்தது.

படிப்பு முடிய, இருவர் இருவராக ஒரு சின்ன வேலையைத் திட்டமிட்டு நடத்திக் காட்ட வேண்டும். எனக்கும் மதினிக்கும் வந்தது, திருச்சுழி சாலையில் எங்கள் ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில் ஒரு பஸ் நிழற்குடை. அதுவரை எங்கள் ஊர்க்காரர்கள் சீமைக்கருவேல மரத்தின் புள்ளி நிழலில் நின்றுதான் பஸ் ஏறினார்கள். கட்டுகிறவர் அண்ணன். ஆட்கள் எங்கள் ஊர்க்காரர்கள். பங்குனி கடைசியில் சென்னையிலிருந்து ஒரு கட்டுமான நிறுவனத்தார் எல்லா வேலைகளையும் நேரில் வந்து பார்ப்பார்கள். நிழற்குடை நிழல் தந்தால் எனக்குத் திட்டமிடல் பொறியாளர் வேலைக்கு வழி உண்டு. இல்லாவிட்டால் வெயிலில் நான்கு தூண்களைக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். அப்பாவோ, "எம்மக சென்னையில பெரிய பெரிய கட்டடத்துக்குத் தேதி போடப் போறா" என்று தறிக்கூடத்தில் ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

என்னென்ன ஆபத்துகள் வேலையைக் கெடுக்கும் என்று உட்கார்ந்து யோசித்தோம். மணல் கொண்டுவரும் லாரிக்காரர் வீரசோழன் ஊர்ப் பாய் என்பதால் நோன்புப் பெருநாளைக்கூட மதினி சார்ட்டில் குறித்திருந்தார். மழைக்கும் இடம் விட்டார்; எங்கள் பக்கம் மழையை எதிர்பார்த்தது மேகத்துக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும்.

"ஒங்க ஊர்ப் பங்குனிப் பொங்கல் எப்ப புள்ள?" என்று கேட்டார்.

"அது நடக்காது மதினி. மேலத்தெருவும் கீழத்தெருவும் பேசிக்கிடுறதே இல்ல. ரெண்டு வருசமாச் சாமி சாட்டித் திருவிழாவுக்கு நாள் குறிக்கலையே" என்றேன்.

உலகத்தில் இருக்கிற எல்லா ஆபத்தையும் யோசித்த நாங்கள், எங்கள் ஊர் ஒற்றுமையாகிவிடும் என்ற ஆபத்தை மட்டும் யோசிக்கவில்லை.

தூண்கள் எழும்பி நின்ற சமயம், கோயில் மைக் செட் கரகரத்தது. இரண்டு தெருவும் சமாதானமாகிவிட்டது. வருகிற செவ்வாய் காப்புக் கட்டு, அதற்கடுத்த செவ்வாய் பொங்கல். காப்புக் கட்டிவிட்டால் எங்கள் ஊரில் உலக்கைச் சத்தம் கேட்கக்கூடாது. ஆணி அடிக்கக்கூடாது, மண் வெட்டக்கூடாது. சார்ட்டின்படி எங்கள் கூரைக்குக் கான்கிரீட் போட வேண்டிய நாளோ அந்த இரண்டு செவ்வாய்க்கு நட்டநடுவில் இருந்தது.

மதினி நேராக ஊர்த்தலைவரிடம் போனார்.

"ஐயா, இத நாலு மாசத்துக்கு முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"ஆத்தா உத்தரவு குடுக்கணும்ல தாயி."

"உத்தரவ நீங்க முன்னாடியே கேக்கணும்ல?"

"அப்ப நாங்க சண்டையில இருந்தோம்லம்மா!"

மதினி சார்ட்டைச் சுருட்டிக்கொண்டு திரும்பினார். கருவேல மரத்தடியில் வந்து உட்கார்ந்தார். அவர் சும்மா உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சட்டென்று அவர் சார்ட்டைத் திருப்பிப் போட்டார்.

"ஏ புள்ள, காங்கிரீட்டு போட்டு முடிச்ச பெறகு என்ன வேலை?"

"பாத்தி கட்டித் தண்ணி நிறுத்தணும் மதினி. ஒரு வாரத்துக்காவது நல்லா ஊறணும்."

"ஊறுறதுக்குச் சத்தம் உண்டா?"

"இல்ல."

"அப்பச் செவ்வாக்கெழமைக்கு முன்னாடி போட்ருவோம். திருவிழா முடியுற வரைக்கும் ஊரோட சேந்து நம்ம கூரையும் விரதம் இருக்கட்டும்."

அண்ணனுக்குப் போன் போட்டார். "ஏங்க, திங்கக்கெழமைக்குள்ள கூரை வேணும்."

"நான் போடுறது கூரையாடி, அப்பளமா?" என்ற அண்ணனின் அலறல் எனக்கே கேட்டது.

ஆனால் போட்டார். பந்தல்குடியில் கூரைக்கு அடியில் கொடுக்கும் சென்ட்ரிங் பலகை, பாளையம்பட்டியில் கலவை மெஷின் என்று மதினி ஊர் ஊராகப் போனில் விரட்டினார். சாமி கும்பிடும் அவசரத்தில் எங்கள் ஊர் ஆட்களும் இரண்டு தெரு பேதம் இல்லாமல் சட்டி கைமாற்றினார்கள். திங்கட்கிழமை வெயில் தாழ்வதற்குள் கூரை போட்டு மட்டம் தட்டியாகிவிட்டது.

மிச்சம் இருந்தது தண்ணீர். காப்புக் கட்டிய ஆட்கள் வேலைக்கு வரமாட்டார்கள். பங்குனி வெயிலில் ஒருநாள் விட்டாலும் கூரை வெடித்துவிடும். அந்த நேரத்தில் தவறாமல் தினமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் ஊரில் ஒரே கூட்டம்தான். நவதானியத்தை விதைத்து, இருட்டறையில் முளைப்பாரி வளர்த்த பெண்கள். மதினி அந்த வீட்டு வாசலில் போய் நின்றார்.

எனக்குப் பெரியம்மா முறையானவர்தான் அங்கே தலைமை. "இது ஆத்தாளுக்கு எடுக்குற தண்ணி. ஒங்க சிமெண்டுக்கா?" என்று முறைத்தார்.

"பெரியம்மா, பொங்கலன்னைக்கு முளைப்பாரியத் தூக்கிக்கிட்டு விலக்கு வரைக்கும் வருவீகள்ல? எங்க எறக்கி வைப்பீக?"

"ரோட்டோரமாத்தேன்."

"அம்புட்டு வெயில்லயா? ஒரு வாரம் பொத்திப் பொத்தி வளத்தத வாட விடுவீகளா? ஒரு நெழல்ல வச்சாத்தான என்ன?"

பெரியம்மா உள்ளே திரும்பி, "ஏ பிள்ளைகளா, போகும்போது ஆளுக்கு ஒரு கொடம் மேல ஏத்திருங்க" என்றார்.

அதன்பிறகு தினமும் ஏணி வைத்துக் குடம் ஏறியது. என் அம்மாவும் ஏற்றினார். சாயங்காலம் முளைப்பாரியைச் சுற்றிக் கும்மி கொட்டியவர்கள், போகிற போக்கில் நிழற்குடையையும் ஒரு சுற்றுச் சுற்றினார்கள். "இதெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்துல இருக்கு?" என்று கேட்டேன். "அடுத்த பதிப்புல வரும்" என்றார் மதினி.

பொங்கலன்று பலகை பிரிக்கவில்லை. முட்டுக்கம்புகளுக்கு நடுவே, அந்தக் கூரையின் முதல் நிழலில் முளைப்பாரிகள் வரிசையாக இறங்கின. வாரக் கடைசியில், பலகை பிரித்துச் சுண்ணாம்பு அடித்த ஈரம் காய்வதற்குள், நிறுவனத்து அதிகாரி வந்தார். ஏணியில் ஏறிக் கூரையைப் பார்த்தவர் மேலிருந்து கேட்டார்.

"என்னம்மா இது? மூலையில ஏதோ முளைச்சிருக்கு!"

நான் பதறி ஏறினேன். முளைப்பாரிப் பெண்களில் எவர் கைவிரலில் ஒட்டிக்கொண்டு போனதோ, ஓரமாகத் தேங்கியிருந்த மணலில் பாசிப்பயறு இரண்டு இலை விட்டு நின்றது. கீழேயிருந்து மதினி குரல் கொடுத்தார்: "ஒருநாள்கூட விடாமத் தண்ணி ஊத்துனோம்ங்கிறதுக்கு அதுதான் சார் சாட்சி!"

அதிகாரி சிரித்துக்கொண்டே இறங்கினார். எனக்கு வேலை கிடைத்தது. தறிக்கூடத்தில் அப்பா மிட்டாய் கொடுத்தார். மதினியை அவர்கள் எடுக்கவில்லை. நேர்முகத் தேர்வில், "ஒங்க கம்பெனி வேலையெல்லாம் சொன்ன தேதிக்கு முடியுதா?" என்று அவர்தான் அவர்களை முதலில் கேட்டிருக்கிறார். தன்னை ஏன் எடுக்கவில்லை என்பது இன்றுவரை மதினிக்கு மட்டும் புரியவில்லை. இப்போது அண்ணனின் வேலைகளை எல்லாம் அவர்தான் நடத்துகிறார். அருப்புக்கோட்டைச் சுற்றுவட்டாரத்தில் சொன்ன தேதிக்குப் புது வீட்டில் பால் காய்ச்ச வேண்டும் என்றால் அவரிடம்தான் போகிறார்கள்.

நான் சென்னைக்குக் கிளம்பிய அன்று, அதே நிழற்குடையில் மதினி வந்து என் பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பஸ் பிந்தியது. கண்டக்டருக்குக் கச்சேரி இருக்கிறது என்று நான் காத்திருந்தேன். மதினி கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

"மதினி, பஸ் லேட்டு."

"இருக்கட்டும் புள்ள" என்றார், சாலையைப் பார்த்தபடி. "இன்னைக்கு இதுக்கு ஃப்ளோட் இருக்கு."

எனக்கும் அந்தப் பஸ் இன்னும் கொஞ்சம் பிந்தியிருக்கலாம் என்றுதான் இருந்தது.