ஆமைக்கு டர்போ

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேடேறிய பால்காரர் பிக்கப் வண்டியை முந்திவிட்டு, திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "அண்ணே, தள்ளி விடணுமா?"

ஆமையண்ணனுக்கு மானம் போயிற்று. ஆமை என்பது ஊர் அந்த வண்டிக்கு வைத்த பெயர். நாளடைவில் அது ஓட்டுகிறவருக்கும் ஒட்டிக்கொண்டது.

பின்னால் டிரெய்லரில் பளபளவென்று ஒரு படகு. பக்கத்து இருக்கையில் படகுக்காரர். சனிக்கிழமைதோறும் கடையை அடைத்துவிட்டு மலைமேல் ஏரிக்குக் கிளம்புவார். ஏற்றம் முழுக்கக் கடிகாரத்தைப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார்.

"அவசரமே இல்ல டிரைவர். மெதுவாவே போங்க."

குத்திக்காட்டுகிறார் என்று ஆமையண்ணன் நொந்துபோனார்.

அன்றும் ஏரியின் கேட்டைப் பூட்டிய பிறகுதான் போய்ச் சேர்ந்தார்கள். கேட்டருகே படகுக்காரரின் மாமனார் துடுப்பும் கையுமாக முறைத்துக்கொண்டிருந்தார்.

"வண்டி ஏற மாட்டேங்குது மாமா. நான் என்ன பண்றது?" என்றார் படகுக்காரர்.

ஆமையண்ணன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். வாராவாரம் தவறாமல் வரும் சவாரி இது ஒன்றுதான். இதுவும் கைநழுவினால் பிழைப்பு அதோகதி.

மெக்கானிக்கான மச்சினன் வண்டியைப் பார்த்து உச்சுக்கொட்டினான். "மாமா, இன்ஜினுக்கு மூச்சு பத்தல. டர்போ வச்சிடலாம். வெளிய போற புகை ஒரு விசிறியைச் சுத்தும், அது காத்தை உள்ள திணிக்கும். அப்புறம் பாருங்க, பறக்கும்!"

"வண்டி தாங்குமா மாப்ள?"

"என்ன மாமா, என்னை நம்பலையா?"

நம்பவில்லைதான். ஆனால் மனைவி பக்கத்தில் நின்றிருந்தாள்.

டர்போ ஏறியது. இன்ஜின் சிங்கமாகக் கர்ஜித்தது. வண்டி மட்டும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"கிளட்ச் வழுக்குது மாமா. இன்ஜின் பவர் ஜாஸ்தியாயிடுச்சில்ல!" என்று மச்சினன் பெருமைப்பட்டான்.

கிளட்ச் மாற்றினார்கள். வண்டி ஓடியது, தெருமுனையிலேயே கொதித்தது. பழைய பஸ் ஒன்றின் ரேடியேட்டரைக் கொண்டுவந்து பொருத்தினான். இப்போது பானெட் மூட மறுத்தது.

"கொடிக் கயிறு எங்கங்க?" என்று மனைவி ஈரத் துணியோடு வந்தாள்.

"பானெட்டைக் கட்டியிருக்கேன்."

"அப்ப துணியையும் அது மேலயே காயப் போடறேன். ஆமா, பறக்கறதுக்கு எல்லாம் செஞ்சாச்சு. நிக்கறதுக்கு?"

அது நியாயமான கேள்வி. வீட்டுக்கு வர இருந்த வாஷிங் மெஷின் புது பிரேக்காக மாறியது. அதன் பிறகு அவள் இரண்டு பேரிடமும் பேசவில்லை.

சனிக்கிழமை வந்தது. டர்போ விசிலடிக்க ஆமை மேடேறியது. பால்காரர் சைக்கிளோடு ஓரத்தில் ஒதுங்கி ஒரு கும்பிடு போட்டார்.

"டிரைவர், டீ குடிச்சிட்டுப் போலாமே," என்றார் படகுக்காரர்.

"மேல போய்க் குடிக்கலாம் சார்!"

"டயர்ல காத்து கம்மியா இருக்கு போல..."

"காலையிலயே பாத்துட்டேன் சார்!"

"ஏதோ சத்தம் வருதே!"

"அதான் சார் டர்போ!"

ஏரியின் கேட் விரியத் திறந்திருந்தது. "வாங்க மாப்பிள்ளை!" என்று மாமனார் துடுப்பை நீட்டினார். படகுக்காரர் உட்கார்ந்த பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டே படகில் போனார். வீடு திரும்பும்வரை வாய் திறக்கவில்லை. ஆனந்தத்தில் பேச்சு வரவில்லை என்று ஆமையண்ணன் முடிவுகட்டி, அவருக்காகவே இன்னும் வேகமாக ஓட்டினார்.

அடுத்த சனிக்கிழமை அழைப்பு வரவில்லை. ஃபோன் செய்தால் எடுக்கவில்லை. ஆமையண்ணன் வெறும் வண்டியை விரட்டிக்கொண்டு ஏரிக்குப் போனார். கேட் பூட்டியிருந்தது. மாமனார் கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டிருந்தார். வெகுநேரம் கழித்து, ஒரு கிழட்டு டிராக்டர் இருமிக்கொண்டே படகை இழுத்து வந்தது. அதில் படகுக்காரர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆமையண்ணனுக்கு அழுகையே வந்துவிட்டது. கேட் வாட்ச்மேனிடம் போய் நின்றார்.

"நீயே சொல்லுப்பா. என் வண்டியில இப்ப என்ன குறை?"

வாட்ச்மேன் சாவியை இடுப்பில் செருகினார்.

"ஏரியைப் பாத்தாலே படகுக்காரருக்குக் கை கால் உதறும்ணே. உங்க வண்டி மேடேறாதுங்கற தைரியத்துலதான் மாமனார் சொன்னதும் படகையே வாங்கினாரு!"