ஹோஸ்ட் தூங்குது

"ரிங் பார்த்தாச்சு ரிஷி. ரிங்ல ஒன்னும் பிரச்சினை இல்ல. ஹோஸ்ட்தான் தூங்குது."

மகள் ஜோஆனின் அறைக்கதவு லேசாகத் திறந்திருந்தது. வெளியே பிரம்பு நாற்காலியில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்த சிரிலுக்கு, 'ரிங்' என்ற சொல் காதில் விழுந்ததும் பாதி விழிப்பு வந்தது. 'ரிஷி' என்ற பெயர் விழுந்ததும் மீதியும் வந்துவிட்டது.

சிரில் செந்தூலில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்தால் மதியம் வரை இந்த நாற்காலிதான் அவருக்குக் கதி. ஜோஆனுக்குப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வாரத்தில் நாலு நாள் வீட்டிலிருந்தே பார்ப்பாள். சிரில் கண்ணைத் திறக்காமல் காதை மட்டும் திறந்து வைத்துக்கொண்டார்.

"எழுப்பலாம்தான். போன தடவை எழுப்பினப்ப எல்லாமே ஹேங் ஆயிடுச்சே, மறந்துட்டியா? கெஸ்ட் பாவம், எவ்வளவு நாள்தான் வெயிட் பண்ணும்? சரி, ரிங் சைஸ் மாத்தணும்னா இப்பவே சொல்லு லா."

சிரிலின் மூளை வேகமாகக் கணக்குப் போட்டது. ரிங் என்றால் மோதிரம். கெஸ்ட் என்றால் மாப்பிள்ளை வீட்டார். ஹோஸ்ட் என்றால் விருந்து வைக்கிறவர். கல்யாணத்தில் அது பெண்ணைப் பெற்றவன். அந்த ஆள் இப்போது தூங்கிக்கொண்டும் இருக்கிறான். அப்பனைப் போய் 'தூங்குது' என்று சொல்கிறாளே என்று முதலில் கோபம் வந்தது. அப்புறம்தான் பயம் வந்தது.

பயத்துக்குக் காரணம் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன்னோடு வேலை செய்கிற ரிஷி என்று ஒருவரைப் பற்றி ஜோஆன் மெதுவாகப் பேச்செடுத்தாள். எந்தச் சர்ச், எந்தப் பங்கு என்று கேட்டார் சிரில். எந்தப் பங்கும் இல்லை, அவர்கள் இந்துக்கள் என்றாள். சிரில் ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டினார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதற்குப் பிறகு ஜோஆன் அவரோடு மழை பேசினாள், வேன் டயர் பேசினாள், மீன் விலை பேசினாள். தன்னைப் பற்றி மட்டும் பேசவேயில்லை. அந்த அரை நிமிஷத்தை நினைத்து சிரில் நொந்துகொள்ளாத நாள் கிடையாது. ஆனால் வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அவர் பரம்பரையிலேயே இல்லை.

இப்போது மோதிரம் வரை போய்விட்டது. ஒரே மகள் தன்னிடம் சொல்லாமலே பதிவுத் திருமணம் செய்துகொண்டு போய்விடுவாளோ என்று நினைத்தவர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

மனைவி டொரத்தியிடம் விஷயத்தைச் சொன்னார். நேராகக் கேட்டுவிட்டால் தீர்ந்தது என்றாள் டொரத்தி.

"அவளா வந்து சொல்லட்டும். நாம ரெடியா இருக்கோம்னு காட்டினா போதும்" என்றார் சிரில்.

முதலில், ஹோஸ்ட் தூங்கவில்லை என்று காட்ட முடிவு செய்தார். மறுநாள் பத்து மணிக்கு நாற்காலிப் பக்கமே போகவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மகளின் அறையைக் கடந்து போய், கடக்கும்போதெல்லாம் ஓர் இருமல் இருமினார். நாலாவது இருமலில் கதவு சாத்தப்பட்டது. அடுத்த நாள் உள்பக்கம் தாழ்ப்பாளும் விழுந்தது. டொரத்தி இருமல் மருந்து வாங்கி வந்தாள்.

இனிமேல் ஜாடை வேலைக்கு ஆகாது என்று சிரில் வேனை எடுத்துக்கொண்டு தங்கள் பங்குக் கோயில் அலுவலகத்துக்குப் போனார். இரண்டு மாதம் தள்ளி ஒரு சனிக்கிழமைக்குக் கோயில் மண்டபத்தைப் பிடித்து வைத்துவிட்டால், மகள் வாய் திறக்கும் அன்றைக்கு, "ஹால்கூட ரெடிம்மா" என்று சொல்லிவிடலாம். மன்னிப்புக் கேட்பதைவிட மண்டபம் பிடிப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது.

அலுவலகத்தில் இருந்த கிறிஸ்டின் என்ன விசேஷம் என்று கேட்டாள். ரகசியம் காப்பதற்காகப் பிறந்தநாள் என்றார். பிறந்தநாள் என்றால் சனிக்கிழமை தர முடியாது, பாடகர் குழுவுக்குப் பயிற்சி இருக்கிறது, கல்யாணம் என்றால் மட்டும்தான் அவர்களை நகர்த்தலாம் என்றாள் அவள். சிரில் தலையைச் சொறிந்துவிட்டுக் கல்யாணம் என்றார். பெண் பெயர் கேட்டாள், சொன்னார். மாப்பிள்ளை பெயர் கேட்டாள்.

"ரிஷி."

"முழுப் பேரு அங்கிள்?"

"அப்புறம்" என்றார் சிரில்.

கிறிஸ்டின் தட்டச்சு செய்துகொண்டாள். இது யாருக்கும் தெரியக்கூடாது என்று சிரில் மூன்று தடவை சொன்னார். அவளும் மூன்று தடவை தலையாட்டினாள். பாடகர் குழுவிடம் சொல்லக்கூடாது என்று அவர் தனியாகச் சொல்லவில்லை. அவளும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடியும் தறுவாயில், பாடகர் குழுத் தலைவர் ஐவன் அறிவிப்புகளை வாசிக்க மைக் முன் வந்தார். ரத்ததான முகாமைச் சொன்னார். கார் நிறுத்தும் ஒழுங்கைச் சொன்னார். பிறகு ஒரு சந்தோஷச் செய்தி என்று கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். நம் ஜோஆன் சிரிலுக்கும் ரிஷி அப்புறத்துக்கும் நடக்கவிருக்கும் திருமணத்தை முன்னிட்டு, அந்தச் சனிக்கிழமை பாட்டுப் பயிற்சி கிடையாது.

கோயிலே திரும்பிப் பார்த்தது. ஜோஆன் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். பின்வரிசையில் ஒருவர், அப்புறம் என்றால் ஆந்திரா பக்கமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் விசாரணை நடந்தது. சிரில் ஒன்றையும் மறைக்கவில்லை. ஒட்டுக்கேட்டதிலிருந்து இருமல் வரை ஒப்புக்கொண்டார். கேட்கக் கேட்க ஜோஆனின் முகம் வெளுத்தது, சிவந்தது, பிறகு சமநிலைக்கு வந்தது. அவள் சமையலறைக்குப் போய் எட்டு கப்புகளை எடுத்து வந்து, சாப்பாட்டு மேசையில் வட்டமாக அடுக்கினாள். ஒரு பாக்கெட் வறுத்த கச்சாங் கடலைக் கொட்டையைப் பிரித்தாள்.

"இதுதான் டாடி ரிங். ரிங் பஃபர்."

கோபத்தில் ஆரம்பித்தவள், தன் தொழில் என்பதால் போகப் போகக் குஷியாகிவிட்டாள். ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள் சின்னக் கம்ப்யூட்டர்கள் பல குடியிருக்குமாம். அவற்றுக்குச் சொந்தமாக உடம்பு கிடையாது, எல்லாம் பாவனைதான். குடியிருப்பது கெஸ்ட், வீட்டுக்காரர் ஹோஸ்ட். எழுத வேண்டும், அனுப்ப வேண்டும் என்றால் கெஸ்ட் வீட்டுக்காரரைத்தான் நம்பியிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் கதவைத் தட்டினால் நேரம் வீண். அதனால் இருவர் கையும் எட்டுகிற இடத்தில், நினைவகத்தில், இப்படி ஒரு வட்டம். கெஸ்ட் ஒரு கப்பில் வேலையைப் போடும். ஹோஸ்ட் பின்னாலேயே வந்து எடுத்துக்கொள்ளும். கடைசிக் கப் முடிந்தால் மறுபடி முதல் கப்.

டொரத்தி ஒரு கொட்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அது கெஸ்ட்டோட வேலை, அதைத் தின்னக்கூடாது என்றாள் ஜோஆன்.

கோளாறு எங்கே என்றால், ஹோஸ்ட் விழித்திருக்கும்போது 'பெல் அடிக்க வேண்டாம்' என்று ஒரு அட்டை மாட்டியிருக்கும். கப்பெல்லாம் காலி என்று தெரிந்ததும் அட்டையைக் கழற்றிவிட்டுத் தூங்கப் போகும். அது கடைசிக் கப்பைப் பார்த்து முடித்து, அட்டையில் கை வைப்பதற்குள், கெஸ்ட் புதிதாக ஒன்றைப் போட்டுவிடுகிறது. அட்டை இருக்கிறதே என்று பெல் அடிப்பதில்லை. ஹோஸ்ட்டோ ஒன்றும் இல்லை என்று தூங்கிவிடுகிறது.

"அப்புறம்?" என்று கேட்டுவிட்டு, அந்த வார்த்தைக்காக நாக்கைக் கடித்துக்கொண்டார் சிரில்.

"அப்புறம் ரெண்டும் காத்துக்கிட்டே இருக்கும். அது எடுக்கும்னு இது, இது கூப்பிடும்னு அது."

"இதுக்கு என்னதான் வழி?"

"அட்டையைக் கழட்டினப்புறம், தூங்குறதுக்கு முன்னாடி, ஹோஸ்ட் இன்னொரு தடவை பார்க்கணும். அவ்வளவுதான் டாடி."

சிரில் கப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மோதிரமும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. ஊர் முழுக்க மகளின் மானத்தை வாங்கியதுதான் மிச்சம். ஆனாலும் இத்தனை அவமானத்துக்குப் பிறகு இழக்க ஒன்றும் இல்லை என்பதால், மூன்று வருஷமாகத் தொண்டையில் நின்றது தானாக வெளியே வந்துவிட்டது.

"அன்னைக்கு நீ ஒன்னு சொல்ல வந்தே. நான் டிவி சத்தத்தைக் கூட்டிட்டேன். அது தப்பும்மா. இப்ப சொன்னா கேட்பேன். யாரா இருந்தாலும் கேட்பேன்."

ஜோஆன் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கண் கலங்கிய மாதிரி இருந்தது. "தேங்க்ஸ் டாடி" என்று மட்டும் சொல்லிவிட்டு, கொட்டைகளைக்கூட அள்ளாமல் அறைக்குள் போய்விட்டாள். மூன்று வருஷம் கழித்து வந்த சம்மதம் இனி யாருக்கு வேண்டும் என்று நினைத்து சிரில் தனியாக உட்கார்ந்து கச்சாங் தின்றார்.

மறுநாள் காலை, வெளியே வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு ஜோஆன் சீக்கிரமே கிளம்பிவிட்டாள். சிரில் மண்டபத்தை ரத்து செய்யப் போனார். திங்கட்கிழமை கோயில் அலுவலகம் விடுமுறை. அந்த அப்பாவி ரிஷியிடமாவது ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று நாற்பது கறிபாப் பலகாரம் வாங்கிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸுக்கு வேனை விட்டார்.

ஒன்பதாவது மாடியில் விஷ்ணுப்ரியா என்று கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய பெண் கதவைத் திறந்தாள். தான் யார் என்று சொல்ல சிரிலுக்கு வாய் வரவில்லை. ரிஷியைப் பார்க்க வேண்டும் என்றார். அவள் கறிபாப் கொண்டுவந்த ஆள் என்று நினைத்துக்கொண்டு, ரிஷியும் ஜோஆனும் இன்று லீவு, பெட்டியை இப்படி வையுங்கள் என்றாள்.

இரண்டு பேருமே வேலைக்கு வராத அளவுக்கு நேற்றைய அறிவிப்பு பாதித்துவிட்டதே என்று சிரிலுக்கு மனம் கனத்தது. சும்மா திரும்பிப் போகவும் மனமில்லை. நேற்றுக் கற்ற பாடத்தை வைத்து, அந்த ரிங் பஃபரில் ஹோஸ்ட் தூங்கிவிடுகிற கோளாறு இன்னும் சரியாகவில்லையா, அதுதான் பாவம் ரெண்டு பேரும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்களா என்று கேட்டார்.

விஷ்ணுப்ரியா கறிபாப்பைக் கடித்துக்கொண்டே சிரித்தாள்.

"அந்த பக் போன மாசமே சரியாயிடுச்சு அங்கிள். இப்ப அவங்க ஹோஸ்ட்டுன்னு சொல்றது ஜோஆனோட அப்பாவை. நேத்து 'ஹோஸ்ட் முழிச்சிடுச்சு'ன்னு எங்க எல்லாருக்கும் மெசேஜ் போட்டுட்டு, ரெண்டு பேரும் இன்னைக்குக் கிள்ளானுக்கு ரிங் வாங்கப் போயிருக்காங்க."