மாமாவின் பெரிய எஞ்சின்

இதில் எதையும் நான் நேரில் பார்க்கவில்லை. அப்போது எனக்கு இரண்டு வயது. எல்லாம் அப்பா சொன்னது. அவர் மூன்று தடவை சொல்லியிருக்கிறார், மூன்றிலும் முடிவு வேறு. அதனால் மூன்றிலும் மாறாமல் இருந்ததை மட்டும் எழுதுகிறேன். முடிவை நானே போய்ச் சரிபார்த்தேன்.

எல்ஃபெகோ மாமாவின் பிக்கப் வண்டியை எங்கள் ஊர் எஸ்பானியோலாவில் தெரியாதவர்கள் கிடையாது. மெக்கானிக்கான என் அப்பா எலோய், ஸ்பிரிங்கை அறுத்துத் தரையோடு தரையாக இறக்கிய வண்டி அது. குறுக்கே ஒரு பூனை படுத்தால் மாமா இறங்கிப் போய் எழுப்ப வேண்டும். செர்ரிப்பழ நிறம். பின்கதவில் ஒர்லிண்டா அத்தையின் முகம், பத்தொன்பது வயதில் வரைந்தது. அந்த வண்டியைத்தான் மாமா தினம் சாயங்காலம் அத்தையின் ஜன்னலுக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தி, தாத்தாவிடம் திட்டு வாங்கி, கடைசியில் சம்மதமும் வாங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்ததும் தாழ்த்திய வண்டிகளெல்லாம் பெரிய சாலையில் ஊர்வலம் போகும். நடக்கிறவன் வேகம்தான். வேகமாகப் போவது கேவலம், எங்கோ போக வேண்டியவன் என்று ஊர் நினைத்துவிடும். கடைசியில் எல்லோரும் கடை வாசலில் நிறுத்தி, பானெட்டைத் தூக்கிவைத்து, கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பார்கள்.

அந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்து முதல் ஞாயிறு, ரூபெர்ட்டோ என்பவர் தன் பானெட்டைத் தூக்கினார். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் பெரிய எஞ்சின். பிறகு மாமாவின் வண்டியில் இருந்த சின்ன எஞ்சினை எட்டிப் பார்த்தார். மாமாவின் தோளைத் தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டலை மாமாவால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அறிவித்தார்.

“பெரிய எஞ்சின் போடப் போறேன்.”

“எதுக்குங்க?” என்றார் அத்தை. “போன வாரம் ஒரு நாய் நம்ம வண்டியை முந்திட்டுப் போச்சு. போனதுமில்லாம நின்னு திரும்பிப் பார்த்துச்சு.”

“வேகத்துக்கு இல்ல ஒர்லிண்டா. மானத்துக்கு.”

“அப்ப என் காருக்குப் போடுங்க. எனக்கும் மானம் இருக்கு. மேட்டுல ஏறும்போது பின்னால பள்ளிக்கூட பஸ்ஸு ஹாரன் அடிக்குது.”

அத்தைக்கு மலைமேல் ஊரில், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. அவருடைய பழைய நீளக் கார் இறக்கத்தில் நன்றாக ஓடும். ஏற்றத்தில் மூச்சு வாங்கும். இரண்டு முறை பாதி வழியில் நின்றுபோய், தாமதத்துக்கு எச்சரிக்கை ஓலை வாங்கியிருந்தார். மூன்றாவது ஓலை வந்தால் வேலை போய்விடும். நல்ல எஞ்சின் வேண்டும் என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அதுக்கு என்ன அவசரம்?” என்றார் மாமா. “மலை எங்கயும் ஓடிப்போயிடாது.”

அத்தை பதில் பேசவில்லை. அப்பா கதையை இந்த இடத்தில் எப்போதும் சற்று நிறுத்துவார். அக்கா பேசாமல் இருந்தால் பயப்பட வேண்டும், அத்தானுக்குத்தான் அது கடைசிவரை தெரியவில்லை என்பார்.

ஒரு மாதத்தில், அப்பா வண்டி வேலை பார்க்கும் எங்கள் கொட்டகைக்குப் பெரிய எஞ்சின் வந்து இறங்கியது. உடைந்த போலீஸ் கார் ஒன்றிலிருந்து எடுத்தது. அத்தைக்குத் தெரியக் கூடாதென்று மாமா அதைப் போர்வை போட்டு மூடிக் கொண்டுவந்திருந்தார். போர்வை அத்தையுடையது. சாயங்காலமே அத்தை போர்வையைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார்.

மாமா சண்டைக்குத் தயாராக நின்றார். அத்தை போர்வையை உதறி மடித்துக்கொண்டே, நல்ல காரியத்தை நேர்த்திக்கடன் இல்லாமல் தொடங்கலாமா என்று கேட்டார். புனித வாரம் வருகிறது. எல்லோரும்தான் சிமாயோ கோயிலுக்கு நடக்கிறார்கள். இவர் மட்டும் வருடாவருடம் கடைசி எட்டு மைலை நடந்துவிட்டு ஊரெல்லாம் காலைக் காட்டுகிறார். இவ்வளவு பெரிய எஞ்சினுக்கு எட்டு மைல் போதுமா?

“வேற எங்கேருந்து நடக்கணுங்கறே?”

“அல்புகர்க்கிலேருந்து.”

“அது நாலு நாள் நடை.”

“எஞ்சின் சின்னதா இருந்தா எட்டு மைலே போதுங்க.”

மாமா அல்புகர்க்கிலிருந்து நடந்தார்.

அவர் கிளம்பிய அன்றே அத்தை கொட்டகைக்கு வந்தார். வண்டியில் இருக்கிற பழைய எஞ்சினைக் கழுவி, ஆரஞ்சு வண்ணம் அடித்து, மேலே இரண்டு பளபள மூடி போடச் சொன்னார். எஞ்சினைச் செய்த கம்பெனி சின்னதையும் பெரியதையும் வெளியே ஒரே உருவத்தில்தான் செய்திருந்தது. வித்தியாசம் உள்ளே. பின்பக்கம் குனிந்து எண்ணைப் படித்தால்தான் தெரியும், அங்கே யாரும் குனிவதில்லை.

“அக்கா, ஓட்டினா தெரிஞ்சிடுமே,” என்றார் அப்பா.

“அவர் எங்கடா ஓட்டறார்? உருட்டறார்.”

“கேட்டா நான் என்ன சொல்ல?”

“நீ ஒண்ணும் சொல்லாதே. பானெட்டைத் தூக்கிக் காட்டு, மிச்சத்தை அவரே சொல்லுவார்.” கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். “இந்தப் பழைய எஞ்சின் சத்தத்தைக் கேட்டுத்தான்டா அன்னிக்கு நான் ஜன்னலைத் திறந்தேன். அதைக் கழட்டிப் போட விடுவேனா?”

ஈஸ்டர் அன்று மாமா கால் முழுக்கக் கொப்புளத்தோடு வந்தார். அப்பா பானெட்டைத் தூக்கினார். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியைத் திருகினார்.

“சத்தமே வேற, மச்சான்,” என்றார். “நெஞ்சுல வந்து இடிக்குது பாரு.”

அப்பா கையைத் துடைக்கத் துணி தேடினார்.

ஊர்வலத்தில் மாமா பத்து மைல் வேகத்தில் போனார். சாலை அதிர்ந்ததாக இன்றும் சொல்கிறார். கடை வாசலில் ரூபெர்ட்டோ எட்டிப் பார்த்தார், சுற்றி வந்து பார்த்தார், பின்பக்கம் மட்டும் குனியவில்லை. கடைசியில் தொப்பியைக் கழற்றினார்.

வீட்டு முனையில் வண்டி திரும்பும்போதே அத்தை ஜன்னலைத் திறந்து நின்றார்.

“கேட்டியா புதுச் சத்தத்தை?”

“கேட்டேங்க,” என்றார் அத்தை. “அப்படியே பத்தொன்பது வயசு ஆயிடுச்சு எனக்கு.”

மாமா அதைப் பெரிய எஞ்சினின் சக்தி என்றே எடுத்துக்கொண்டார்.

அந்தக் கோடையிலிருந்து அத்தை வேலை முடிந்து முன்னமே வீட்டுக்கு வந்துவிடுவாராம். மூன்றாவது ஓலையும் வரவில்லை. மலைப்பாதையைப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள் போல என்பாராம் மாமா.

உண்மையான பெரிய எஞ்சின் என்ன ஆயிற்று? தாவோஸ் ஊர்க்காரன் ஒருவனுக்கு விற்றாயிற்று என்றார் அப்பா முதல் தடவை. இரண்டாம் தடவை, வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பியாயிற்று. மூன்றாம் தடவை துருப்பிடித்துவிட்டது.

போன வருடம் எனக்கு மலைமேல் ஊரில் முதல் வேலை கிடைத்தது. ஓய்வு பெற்றிருந்த அத்தை தன் காரை எனக்குக் கொடுத்தார். சாவியைத் தரும்போது மாமா புத்தி சொன்னார். “ஏத்தத்துல விரட்டாதே கண்ணு. பாவம், சின்ன எஞ்சின். மூச்சு வாங்கும்.”

இரண்டாம் நாள் ஏற்றத்தில் ஒரு ஜல்லி லாரியை முந்தலாம் என்று லேசாகத்தான் மிதித்தேன். லாரி என் பின்பார்வைக் கண்ணாடியில் புள்ளியாகப் போய்விட்டது. பயந்து காலை எடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை அப்பாவிடம் கைக்கண்ணாடியும் டார்ச்சும் கேட்டேன். எதற்கு என்று கேட்காமலே கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். எஞ்சினின் பின்பக்கம் குனிந்து, எண்ணைத் தாளில் எழுதி, அவருடைய பழைய எஞ்சின் புத்தகத்தில் இரண்டு தடவை ஒப்பிட்டேன். இருபத்திரண்டு வருடமாக மாமா பானெட்டைத் தூக்கித் தூக்கி ஊருக்குக் காட்டிய பெரிய எஞ்சின், அத்தையின் காரில் தினமும் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தது.