நூற்றுக்குப் பத்து சுருங்கிய கவுன்

மார்ச் 14, ஞாயிறு, காலை மணி 11.20. இதுவரை தைத்த கவுன் நான்கு. பாப்பா போட்டுக்கொள்ளக்கூடியது ஒன்றுமில்லை.

மதிப்பிற்குரிய அண்ணிக்குக் கொழுந்தன் வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அண்ணனும் நலம் என்பது நேற்றே போனில் தெரிந்துவிட்டதால் மறுபடி விசாரிக்கவில்லை. முதலில் நன்றி. கேட்ட அன்றைக்கே தையல் மெஷினைக் கொடுத்தீர்கள், ஊசியில் நூல் கோக்க அடுப்படியில் நின்றுகொண்டே போனில் சொல்லித் தந்தீர்கள், திரும்பத் திரும்பக் கேட்டும் சலித்துக்கொள்ளவில்லை. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. மெஷினை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். கடிதம் பெட்டிக்குள்ளேயே இருக்கும்.

காரணம் சொல்கிறேன். நாளை பாப்பாவுக்குக் குழந்தைகள் காப்பகத்தில் முதல் நாள், என் வீட்டுக்காரி இவளுக்கு இரண்டு வருஷத்துக்குப் பிறகு ஆபீஸில் முதல் நாள். கடைச் சட்டை எதைப் போட்டாலும் பாப்பாவுக்குக் கழுத்தெல்லாம் தடித்துச் சிவந்துவிடுகிறது. சொறிந்துகொண்டு அழுதால் உடனே வந்து கூட்டிப்போகணும் என்று காப்பக டீச்சர் கறாராகச் சொல்லிவிட்டார். அப்புறம் இவள் வேலை எங்கே? அதனால்தான் நானே தைக்கிறேன் என்று இறங்கினேன். முதலில் வெல்வெட் எடுத்தேன், தொட்டால் பூனைக்குட்டி மாதிரி இருந்தது, பால் கொட்டி ஒரு தடவை அலசியதும் நனைந்த பூனைக்குட்டி மாதிரி ஆகிவிட்டது. சரி, பருத்தி என்று சிவப்பில் ஒன்று எடுத்தால் அது சாயம் விட்டு நான் வேலைக்குப் போடும் சட்டைகளையெல்லாம் ரோஸ் ஆக்கிவிட்டது, ஏதாவது விசேஷமா என்கிறார் மேனேஜர். மூன்றாவது பாலியெஸ்டர் கலந்தது, அதைக் குறை சொல்லவே முடியாது, சாயம் போகாது, கசங்காது, கறை நிற்காது, பாப்பாவுக்குத்தான் முதுகு முழுக்க வேர்க்குரு.

நான்காவதுக்கு ஒழுங்காக வேலை செய்தேன். மெல்லிய வெள்ளைப் பருத்தி. ஒரு துண்டு வெட்டித் துவைத்து, ஸ்கேல் வைத்து அளந்தேன். நீளவாக்கில் நூற்றுக்குப் பத்து சுருங்குகிறது, அகலவாக்கில் சுருங்கவே இல்லை. தொழிற்சாலையில் இரும்பை அளக்கிறவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? கவுனின் உயரத்தில் அந்தப் பத்தைச் சேர்த்தேன். வெட்டும்போது துணி மிச்சமாகட்டுமே என்று அளவுக் காகிதத்தைக் குறுக்கே திருப்பிப் போட்டுவிட்டேன். துவைத்ததும் உயரம் அப்படியே நிற்கிறது, உடம்புச் சுற்றளவுதான் சுருங்கியிருக்கிறது. கவுன் இல்லை அண்ணி, குடை உறை. இவள் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மொத்தத் துணியையும் முதல்லயே அலசிக் காயவச்சிட்டு வெட்டியிருந்தா இந்தக் கணக்கே வேண்டாம்ல?" என்றாள். மெஷின் தரும்போது நீங்களும் இதைத்தான் சொல்ல ஆரம்பித்தீர்கள். நான் தெரியும் தெரியும் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அண்ணனுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு அன்பு. உங்கள் பொறுமை நீடூழி வாழ்க.

பி.கு.: மாலை 4.10. பெட்டி வராது, கடிதம் மட்டும் தபாலில் வரும். குடை உறையின் முன்பக்கத்தை மேலிருந்து கீழே வெட்டி, இரண்டு பக்கமும் நாடா வைக்கச் சொன்னாள் இவள். வைத்தேன். "சுருங்க வேண்டியது சுருங்கியாச்சு, இனிமே இது அப்படியே இருக்கும்" என்றாள். பாப்பா அதைப் போட்டுக்கொண்டு மத்தியானம் முழுக்கத் தூங்கினாள். கை கழுத்துப் பக்கம் போகவே இல்லை. இனி நான் செய்யப்போவது:

1. மீதித் துணி முழுவதையும் இப்போதே துவைத்துக் காயப்போடுவேன். அளக்க மாட்டேன்.

2. அதில் இதே மாதிரி இன்னும் இரண்டு, முதலிலிருந்தே முன்பக்கம் திறந்ததாக. அதுவரை மெஷின் இங்கேதான் இருக்கும். இது அனுமதி கேட்பது அல்ல, தகவல்.

3. காலையில் பாப்பாவைக் காப்பகத்தில் விட்டுவிட்டு, ஜன்னலுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்று அவள் கழுத்தையே பார்ப்பேன்.

4. சொறியவில்லை என்றால் இவளுக்கு ஒரே ஒரு மெசேஜ்: நீ வேலையைப் பார்.